பாதுகாப்புப் புராஜெக்ட் எங்கே மாட்டிக்கொண்டது? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினிப் பாதுகாப்புப் பாடத்தின் லேபை எட்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நான்கு பேர் கொண்ட குழு, ஒரு செமஸ்டர், மூன்று ரிவ்யூ, கடைசியில் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், ஒருவர் முன் வைவா. "சார், ஒன்றுமே வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்கும் குழுக்களிடம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

போவதற்கு முன் ஒன்று. வருகிற குழுவிடம் நான் முதலில் கேட்பது நோட்டு. எந்தத் தேதி, யார், எந்தக் கணினியில், என்ன கட்டளை கொடுத்தார், திரையில் என்ன வந்தது. இவ்வளவும் எழுதிய லாங் சைஸ் நோட்டு ஒன்று போதும்; நால்வரும் திறக்கக்கூடிய கோப்பாக இருந்தாலும் சரி. "நேற்று வந்தது சார், இன்று வரவில்லை" என்பார்கள். நேற்று என்ன வந்தது என்று கேட்டால் நான்கு பேரும் நான்கு பதில் சொல்வார்கள். நோட்டு இல்லாத குழுவுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. ஜோசியம் எனக்குத் தெரியாது.

அறிகுறி: தலைப்பு இருக்கிறது, வேலை தொடங்கவில்லை

"கிளவுட் பாதுகாப்பு", "பிளாக்செயின் வழியே பாதுகாப்பான வாக்களிப்பு", "கடவுச்சொல் பாதுகாப்பு". மூன்றாவது வாரமும் தலைப்பு இப்படியே இருந்தால், உங்களிடம் இருப்பது பாடத்திட்டத்தின் ஓர் அலகு. புராஜெக்ட் இன்னும் பிறக்கவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: தலைப்பைக் கேள்வியாக எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்றோ, ஓர் எண்ணாகவோ பதில் வர வாய்ப்பிருக்க வேண்டும். கடவுச்சொல் தலைப்பை எடுத்துக்கொள்வோம். "1000 கடவுச்சொற்களை எம்டி5 ஆகவும் பிகிரிப்ட் ஆகவும் சேமித்தால், ராக்யூ பட்டியலைக் கொண்டு எங்கள் மடிக்கணினியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை விழும்?" (எம்டி5, பிகிரிப்ட் இரண்டும் கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் முறைகள்; முதலாவது வேகமானது, இரண்டாவது வேண்டுமென்றே மெதுவானது.) இதற்குள் நான்கு பேருக்கும் வேலை இருக்கிறது. ராக்யூ என்பது 2009இல் ஒரு நிறுவனத்திலிருந்து கசிந்த கடவுச்சொற்களின் பட்டியல், ஏறத்தாழ 1.4 கோடி சொற்கள். சால்ட், அதாவது ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள், இல்லாத எம்டி5 என்றால் பட்டியலை ஒருமுறை ஓட்டினாலே 1000 பேருடைய கணக்கும் ஒன்றாகப் பார்க்கப்பட்டுவிடும். சாதாரண மடிக்கணினியே சில நிமிடங்களுக்குள் முடித்துவிடும். பிகிரிப்ட்டில் ஒரு முயற்சிக்குக் கால் வினாடி ஆகும்படி வைத்தால், ஒரு கோர் மணிக்கு 14,400 முயற்சிகள்தான் செய்ய முடியும். ஒவ்வொருவருக்கும் சால்ட் தனித்தனி என்பதால் அந்த 14,400ஐ ஆயிரம் பேருக்கும் பங்கிட வேண்டும். ஆளுக்குப் பதினான்கு சொல். கணக்குப் போட்ட காகிதமே முதல் ரிவ்யூவுக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை. அந்த 1000 கடவுச்சொற்களையும் ராக்யூ பட்டியலிலிருந்தே பொறுக்கி எடுத்துவிட்டு, "நூற்றுக்கு நூறு உடைத்துவிட்டோம்" என்று வந்த குழு உண்டு. இன்னொன்று: தாக்குதல் சோதனைக் கருவிகளோடு வரும் காலி லினக்ஸில் ராக்யூ கோப்பு சுருக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். விரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கோப்பைக் காணவில்லை என்ற புகாரோடு வருடத்துக்கு இருவராவது வருகிறார்கள்.

அறிகுறி: உண்மையான இணையதளம் ஒன்றின் மேல் கை வைக்கத் தோன்றுகிறது

"கல்லூரித் தளத்தையே சோதித்துப் பார்க்கலாமே சார், நம்முடையதுதானே?" உங்களுடையது அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி, பொறுப்பாளரின் அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கில் ஒரு கணினிக்குள் நுழைவது மூன்று ஆண்டுவரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். உங்கள் நோக்கம் நேர்மையானது என்று விசாரணையில் விளக்கிக்கொண்டிருப்பதற்கு ஒரு செமஸ்டர் போதாது. வாய்மொழி அனுமதி அனுமதியே அல்ல. எந்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்னென்ன செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சொந்த லேபுக்குள்ளும் கவனம் தேவை. ஓராண்டு ஒரு குழு ஏஆர்பி ஸ்பூஃபிங் (வலையமைப்பில் வேறொரு கணினியாக நடிப்பது) செய்துகாட்டுவதாகச் சொல்லி, லேப் வலையமைப்பிலேயே அதை ஓடவிட்டது. "நாங்கள்தான் கேட்வே, அதாவது இணையத்துக்குப் போகும் வாசல்" என்று எல்லாக் கணினிகளையும் நம்பவைத்துவிட்டார்கள். வந்து சேரும் பாக்கெட்டுகளை முன்னே அனுப்பும் அமைப்பை இயக்க மறந்துவிட்டார்கள். அந்த மாடி முழுவதும் இணையம் நின்றது. பக்கத்து அறையில் ஆன்லைன் தேர்வு நடந்துகொண்டிருந்தது. விளக்கக் கடிதம் எழுதியவன் நான்.

ஆகவே இலக்கு எப்போதும் உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின்தான். உடைப்பதற்கென்றே செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2, டிவிடபிள்யூஏ, ஜூஸ் ஷாப் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

அறிகுறி: இரண்டு மெஷின்களும் ஒன்றையொன்று பார்க்கவில்லை

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. காலி லினக்ஸ் ஒரு ஜன்னலில், மெட்டாஸ்ப்ளாய்டபிள் இன்னொரு ஜன்னலில். இருக்கிறாயா என்று கேட்கும் பிங் போகவில்லை. இரண்டிலும் ஐபி முகவரியைப் பாருங்கள்.

இரண்டிலும் 10.0.2.15 என்று இருக்கிறதா? அப்படியானால் எதுவும் கெட்டுப்போகவில்லை. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் நாட் என்ற இயல்பு அமைப்பு ஒவ்வொரு மெஷினையும் தனித்தனி அறையில் பூட்டிவைக்கிறது. எல்லா அறைக்கும் கதவு எண் ஒன்றேதான். வெளியே இணையத்துக்குப் போகலாம், பக்கத்து அறைக்குப் போக முடியாது. இரண்டையும் ஹோஸ்ட் ஒன்லி அமைப்புக்கு மாற்றுங்கள். 192.168.56 என்று தொடங்கும் முகவரிகள் வந்துவிடும்.

முகவரியே வரவில்லையா? இன்டர்னல் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அங்கே முகவரி வழங்க யாரும் இல்லை. நீங்களே கையால் கொடுக்க வேண்டும். எனக்கு இந்த அமைப்புதான் பிடிக்கும், கடைசியில் காரணம் சொல்கிறேன்.

இரண்டிலும் 192.168.56 தொடரிலேயே ஒரே முகவரி வந்தால், ஒரு மெஷினை நகலெடுத்து இன்னொன்றை உண்டாக்கியிருப்பீர்கள். நகலெடுக்கும்போது மேக் முகவரியை, அதாவது வலையமைப்பு அட்டையின் அடையாள எண்ணைப், புதிதாக உருவாக்கச் சொல்லவில்லை. அமைப்புக்குப் போய் மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எல்லாம் சரி, எதிர்ப்பக்கம் விண்டோஸ் என்றால் மட்டும் பிங் போகவில்லை. அது விண்டோஸ் ஃபயர்வாலின் வேலை. பிங்குக்குப் பதில் வராததால், திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கருவியும் "ஆளே இல்லை" என்று முடிவுகட்டிவிடும். பிங்கைப் பார்க்காமல் நேரடியாகப் போர்ட்டுகளை, அதாவது சேவைகள் காத்திருக்கும் கதவுகளை, தட்டும்படி சொல்லுங்கள். கூடவே ஒன்றை நினைவில் வையுங்கள்: எதுவும் சொல்லாவிட்டால் என்மேப் பார்ப்பது பரவலாகப் பயன்படும் 1000 போர்ட்டுகளை மட்டுமே. மொத்தம் 65,535 இருக்கின்றன.

பிரிட்ஜ்டு அமைப்புக்கு மட்டும் மாற்றாதீர்கள். "அதில் உடனே வந்துவிட்டது சார்" என்பார்கள். வரும். எல்லாக் கதவும் திறந்துகிடக்கும் ஒரு மெஷினைக் கல்லூரி வலையமைப்பின் நடுவே உட்காரவைத்தால் எல்லாருக்குமே வரும்.

மெஷின் மிக மெதுவாக ஓடினால் ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடான ஹைப்பர்-வி நடுவே புகுந்திருக்கிறது என்று பொருள். மெஷின் தொடங்கவே இல்லையென்றால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள கணினியில் மெட்டாஸ்ப்ளாய்டபிளை ஓடவைக்க மல்லுக்கட்டி இரண்டு வாரம் தொலைக்காதீர்கள். அது இன்டெல் வகைச் சிப்புக்குச் செய்தது. அந்த ஆளுக்கு ஜூஸ் ஷாப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பஃபர் ஓவர்ஃப்ளோ ஒருவன் கணினியில் ஓடுகிறது, இன்னொருவனிடம் ஓடவில்லை

நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைவிட அதிகமாக எழுதி, நிரலைத் தான் நினைத்த இடத்துக்குத் திருப்புவதுதான் பஃபர் ஓவர்ஃப்ளோ தாக்குதல். இந்தத் தலைப்பை எடுக்கும் குழுக்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இங்கே கணினி பொய் சொல்வதில்லை. திரையில் என்ன வந்தது என்பதை எழுத்துக்கு எழுத்து நோட்டில் எழுதுங்கள். "எரர் வந்தது" என்பது பதில் அல்ல.

ஸ்டாக் என்பது சார்புகள் தங்கள் தரவையும் திரும்பும் முகவரியையும் வைக்கும் நினைவகப் பகுதி. ஸ்டாக் ஸ்மாஷிங் பற்றிய செய்தி வந்தால், கம்பைலர் வைத்த காவல்காரன் பிடித்துவிட்டான். திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு ரகசிய எண்ணை வைத்து, அது கலைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. அதை நிறுத்திவிட்டுக் கம்பைல் செய்ய வேண்டும்.

வெறும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால் இரண்டு சந்தேகங்கள். ஸ்டாக்கில் உள்ளதை இயக்கக்கூடாது என்ற தடை இன்னும் இருக்கலாம். அல்லது நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் முகவரிகளைக் கலைத்துப்போடும் ஏற்பாடு அணைக்கப்படாமல் இருக்கலாம். இரண்டாவதைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு மாறியின் முகவரியை அச்சிடும் சிறு நிரலை ஐந்து முறை ஓட்டுங்கள். ஐந்தும் வேறாக இருந்தால் அதுதான்.

நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபிக்குள் ஓடுகிறது, வெளியே ஓடவில்லை. இதற்காக ஒரு மாணவி இரண்டு இரவு தூங்காமல் இருந்தாள். காரணம் இரண்டு. ஜிடிபி தன் பங்குக்கு முகவரிக் கலைப்பை நிறுத்திவிடுகிறது. அதோடு, திரையின் வரிகளையும் நெடுவரிசைகளையும் குறிக்கும் இரண்டு சூழல் மாறிகளை நிரலுக்குத் தருகிறது. சூழல் மாறிகள் ஸ்டாக்கின் உச்சியில்தான் உட்காருகின்றன; அவை கூடினால் கீழே உள்ள எல்லாம் சில பைட்டுகள் நகரும். நிரலின் பெயர் நீளமானாலும் இதே கதை. முகவரியைத் துல்லியமாகக் குறிவைக்காமல், உங்கள் தாக்குதல் கோடுக்கு முன்னால் ஒன்றும் செய்யாத கட்டளைகளை நூற்றுக்கணக்கில் வரிசையாக நிரப்பிவிடுங்கள். அதில் எங்கே விழுந்தாலும் சறுக்கிக்கொண்டு வந்துசேரும்.

ஷெல், அதாவது கட்டளை கொடுக்கும் இடம், வந்துவிட்டது; ஆனால் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் இல்லை. உபுண்டுவில் அந்த ஷெல் டேஷ் என்ற வகையாக இருக்கும். அழைத்த ஆள் ஒருவர், அதிகாரம் இன்னொருவருடையது என்று கண்டால் அது அதிகாரத்தைக் கீழே போட்டுவிடும். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் சீட் லேப்ஸ் பயிற்சிகளில் இதனால்தான் அந்த இடத்தில் இஸட்ஷெல் என்ற வேறொரு ஷெல்லை வைக்கச் சொல்கிறார்கள். 64 பிட் கணினியில் முயல்பவர்களுக்கு ஒரு தனி வருத்தம் இருக்கிறது: முகவரியின் உச்சியில் பூஜ்ய பைட்டுகள் வரும், சரத்தை நகலெடுக்கும் சார்பு பூஜ்யத்தைக் கண்டதும் நின்றுவிடும். முதலில் 32 பிட்டில் வெற்றி பெறுங்கள்.

எல்லாக் காவலையும் அணைத்துத் தாக்கிக் காட்டுவதோடு நிற்காமல், ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கி, எது வந்தபோது எந்தச் செய்தியோடு நின்றது என்று ஓர் அட்டவணை போட்டால், மற்ற எல்லாக் குழுக்களின் புராஜெக்டையும்விட அது நன்றாக இருக்கும்.

அறிகுறி: துல்லியம் 99.8 சதவீதம்

"மெஷின் லேர்னிங் வழியே ஊடுருவலைக் கண்டறிதல்" என்ற தலைப்பு ஆண்டு தவறாமல் வருகிறது. எண்ணும் ஆண்டு தவறாமல் இதேதான். குழு சிரித்துக்கொண்டு வரும். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதல் சந்தேகம், தரவு. கேடிடி 99 என்ற தரவுத்தொகுப்பு 1998இல் செய்த ஒரு போலி வலையமைப்புச் சோதனையிலிருந்து பிறந்தது. அதன் பயிற்சிப் பதிவுகளில் 78 சதவீதம்வரை திரும்பத் திரும்ப வரும் ஒரே பதிவுகள் என்று 2009இல் காட்டினார்கள். அதைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் என்று இரண்டாகப் பிரித்தால் கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒன்றாகிவிடும். அப்போது சீர்செய்து வெளியிட்டதுதான் என்எஸ்எல்-கேடிடி.

இரண்டாவது, பிரிப்பு. என்எஸ்எல்-கேடிடியில் பயிற்சிக் கோப்பில் 1,25,973 பதிவுகள்; சோதனைக்கென்று தனியே 22,544. பயிற்சிக் கோப்பையே எண்பதுக்கு இருபது என்று வெட்டிச் சோதித்தால் 99 வரும். தனியே உள்ள சோதனைக் கோப்பில் ஓட்டிப் பாருங்கள். அங்கே பயிற்சியில் இல்லாத தாக்குதல் வகைகளும் இருக்கின்றன. வழக்கமான மாடல்கள் பெரும்பாலும் எண்பதை ஒட்டி இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் கண்டு பயப்படாதீர்கள், உங்கள் புராஜெக்ட் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது, கடைசி நெடுவரிசை. கோப்பில் 41 பண்புகள், அடுத்து விடை, அதற்கும் அடுத்து ஓர் எண் இருக்கும். அந்தப் பதிவு எவ்வளவு கடினமானது என்று தரவைச் செய்தவர்கள் குறித்த அளவு அது. பல குழுக்கள் அதையும் ஒரு பண்பாக மாடலுக்கு ஊட்டிவிடுகின்றன. நீக்குங்கள்.

துல்லியம் என்ற ஒற்றை எண்ணையும் நம்பாதீர்கள். சாதாரணப் பயனர் ரூட் அதிகாரத்தைப் பறிக்கும் வகைத் தாக்குதல் பயிற்சிக் கோப்பில் வெறும் 52 பதிவுகள். அந்த வகை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு எப்போதும் "இல்லை" என்று மட்டும் சொல்லும் நிரலின் துல்லியம் 99.96 சதவீதம்.

அறிகுறி: ஒருவர் காணாமல் போய்விட்டார், அல்லது ஒருவரே எல்லாம் செய்கிறார்

"அவன் வருவதே இல்லை சார்."

"அவனுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?"

"ரிப்போர்ட் எழுதச் சொன்னோம்."

"இப்போது ரிப்போர்ட்டில் எழுத என்ன இருக்கிறது?"

பதில் வராது. "நீ கோட், நான் பிபிடி, அவன் ரிப்போர்ட்" என்று பிரித்தால் பன்னிரண்டாம் வாரம்வரை இருவருக்கு வேலையே இல்லை. வேலையில்லாதவன் வராமல் இருப்பதில் வியப்பென்ன? வேலையைக் கேள்வியாகப் பிரியுங்கள். ஒருவருக்கு எம்டி5, ஒருவருக்கு பிகிரிப்ட், ஒருவருக்கு மாதிரி எடுப்பது என்று. ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தானே ஓட்டி, தானே எழுத வேண்டும். பிறகு ஒருவர் முடிவை இன்னொருவர் தன் கணினியில், நோட்டை மட்டும் பார்த்துத் திரும்ப வரவழைக்க வேண்டும்.

திட்டுவதற்கு முன் நேரத்தையும் பாருங்கள். இருவர் ஹாஸ்டல், இருவர் வீட்டிலிருந்து வருபவர்கள் என்றால், கல்லூரி பஸ் கிளம்பும் நேரத்தோடு குழு இரண்டாக உடைந்துவிடும். ஹாஸ்டல்காரர்கள் இரவு பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் காலையில் "முடித்துவிட்டோம்" என்பார்கள். நால்வரில் ஒருவரிடம் மடிக்கணினியே இல்லை என்பதும் நடக்கிறது; அந்த மாணவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார், தள்ளித்தள்ளி நிற்பார். லேப் கணினியில் அவருக்கென்று ஒரு மெஷினை வைத்துக்கொடுங்கள் என்று உங்கள் கைடிடம் கேளுங்கள். இதெல்லாம் இல்லாமல் உண்மையிலேயே ஏய்ப்பவர் என்றால், இரண்டாம் ரிவ்யூவுக்கு முன்பே கைடிடம் சொல்லுங்கள். வைவாவுக்கு முந்தைய நாள் சொன்னால் அது கோள் சொல்வதாகத்தான் படும்.

அறிகுறி: கடவுச்சொல் கிட்ஹப்பில் ஏறிவிட்டது

முதலில் அந்தக் கடவுச்சொல்லை அல்லது சாவியை மாற்றுங்கள். கோப்பை அழித்து மறுபடி ஏற்றினால் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அது அப்படியே இருக்கும். வரலாற்றிலிருந்து நீக்குவது எப்படி என்பதை அதன் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ரிப்போர்ட் 90 பக்கம், எக்ஸ்டர்னல் இரண்டாம் கேள்வியிலேயே மடக்கிவிட்டார்

ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் கக்கியதை அப்படியே ஒட்டினால் 90 பக்கம் வரும். ஒரு குழு "எஃப்டிபி சேவையில் அபாயகரமான ஓட்டை" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. "அந்த ஓட்டை எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டார் அவர். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகான கதை அது. 2011இல் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) மென்பொருளின் பதிவிறக்கக் கோப்பில் யாரோ பின்கதவு வைத்துவிட்டார்கள். பயனர் பெயரில் ஒரு சிரிப்புக் குறியை, அதாவது முக்காற்புள்ளி ஒன்றையும் அடைப்புக்குறி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் 6200ஆம் போர்ட் திறந்து ரூட் ஷெல் கிடைக்கும். மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2இல் இது இருக்கிறது. மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற தாக்குதல் கருவி இல்லாமல், டெல்நெட்டைக் கொண்டு கையாலேயே செய்துகாட்டலாம். ஐந்து நிமிட வேலை.

கண்டுபிடிப்பு நாற்பது வேண்டாம், நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்த்தீர்கள், எப்படி உறுதிசெய்தீர்கள், யாருக்கு என்ன கேடு, எப்படி அடைத்தீர்கள், அடைத்த பின் மறுபடி முயன்றபோது என்ன வந்தது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பத்துக் குழுக்களில் ஒன்றுதான் எழுதுகிறது.

அறிகுறி: வைவா அன்று டெமோ ஓடவில்லை

லேபில் ஓடியது கருத்தரங்கக் கூடத்தில் ஓடாததற்கு முதல் காரணம், இணையத்தை நம்பியது. இன்டர்னல் நெட்வொர்க்கும் கையால் கொடுத்த முகவரிகளும் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னது இதனால்தான்: வைஃபை இருந்தாலும் போனாலும் அந்த இரண்டு மெஷின்களுக்கும் தெரியாது. முகவரி மாறிவிடும் என்ற கவலையும் இல்லை.

இரண்டாவது, தாக்குதலை ஏற்கெனவே ஒத்திகை பார்த்த மெஷின் உடைந்த நிலையிலேயே இருப்பது. தாக்குவதற்கு முந்தைய நிலையில் ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்நேர நிலையின் பதிவு) எடுத்து, தேதியோடு பெயர் வையுங்கள். "ஃபைனல்", "ஃபைனல் புதியது", "உண்மையான ஃபைனல்" என்று மூன்று இருந்த ஒரு கணினியில் எதைத் திறப்பது என்று ஏழு நிமிடம் விவாதம் நடந்ததை எக்ஸ்டர்னல் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

மூன்று நிமிட வீடியோ ஒன்றையும் பதிவுசெய்து கணினிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். டெமோ விழுந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காமல் அதை ஓட்டிவிட்டுப் பேச்சைத் தொடரலாம். விண்டோஸ் அப்டேட்டை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். சார்ஜரை மறக்காதீர்கள். எங்கள் கூடத்து புரொஜெக்டரில் இன்றும் பழைய விஜிஏ வயர்தான்; புது மடிக்கணினிகளில் அதற்கான துளையே கிடையாது. உங்கள் கூடத்தில் என்ன இருக்கிறது, அடாப்டர் யாரிடம் இருக்கிறது என்று முந்தைய நாள் மாலையே, கல்லூரி பஸ் கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.